ஓக்புனின் தனிக் கஷாயம்

ஓக்புனுக்கு எதையும் தனியாக விட்டுவைக்கப் பிடிக்காது. நூடுல்ஸ் சமைத்தால் இரண்டு வேறு கம்பெனிப் பொட்டலங்களைப் பிரித்து ஒரே சட்டியில் கொட்டுவாள். அரிசிக் கள்ளில் சோடா கலப்பாள். சோடா குடிக்கிற அன்றைக்கு அதில் கொஞ்சம் கள். தொலைக்காட்சியில் இரண்டு தொடர்களை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, அந்த வீட்டு மருமகளை இந்த வீட்டு மாமியாரிடம் கொண்டுபோய் விட்டு, மறுநாள் சந்துக்கே கதை சொல்லுவாள். அசல் தொடர்களை விட அது நன்றாக இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

தேகு நகரத்து மருந்துச் சந்தில் அவளுக்குக் கஷாயக் கடை. மருத்துவரின் சீட்டோடு வருகிறவர்களுக்கு வேரையும் பட்டையையும் துணிப்பையில் கட்டி, மண்சட்டியில் போட்டுக் காய்ச்சி, பிழிந்து, கைக்கடக்கமான பைகளில் அடைத்துக் கொடுப்பாள். போங்வா மலைப்பக்கத்திலிருந்து தல்சூவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். தல்சூ தங்கமான மனிதன். ஆனால் அடுப்படியில் இருந்ததை விட ஆற்றங்கரையில் தூண்டிலோடு உட்கார்ந்திருந்ததுதான் அதிகம். மாமனார் காலத்துக்குப் பிறகு அடுப்பு முழுவதும் ஓக்புன் கைக்கு வந்துவிட்டது. பிள்ளை குட்டி இல்லை. தல்சூ திடீரென்று மாரடைப்பில் போய்ச் சேர்ந்தபோது, அவன் பிடித்து உப்பிட்டு வைத்த மீன் ஒரு ஜாடி நிறைய இருந்தது. அதைத் தின்று தீர்க்கும் வரை அழுதாள். தீர்ந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கடையைத் திறந்தாள்.

தொழிலில் அவள் கை சுத்தம். சீட்டில் எழுதியதைக் குறைக்கவும் மாட்டாள், கூட்டவும் மாட்டாள். சட்டியை மூடுவதற்கு முன் மூன்று துண்டு இஞ்சி, இரண்டு உலர்ந்த இலந்தை விழும்; அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. மருத்துவர் எழுதுவதும் இல்லை, நோயாளி கேட்பதும் இல்லை. சந்து முழுக்க அப்படித்தான். தண்ணீர் ஊற்று என்று யாராவது சீட்டில் எழுதுகிறார்களா என்ன?

கடைக்கு மேலே ஓர் அறை. அதில் சேபோம் என்ற பெண் குடியிருந்தாள். முப்பது தாண்டியவள், பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டத்துக்காக வருஷக்கணக்காக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவள். வாடகைக்கு அறைதான் பேச்சு. சாப்பாடு பேச்சிலேயே இல்லை. ஆனால் வந்த முதல் வாரமே, அந்தப் பெண் மாடியில் தனியாக உட்கார்ந்து ரொட்டியைக் கடித்துக்கொண்டிருப்பதை ஓக்புன் பார்த்துவிட்டாள். அப்புறம் விடுவாளா? சாயங்காலம் ஆனால் படிக்கட்டின் கீழே நின்று, "சாப்பிட வா" என்று ஒரு சத்தம் போடுவாள். அந்தச் சத்தத்துக்கு எதிர்ச்சாரிக் கடைக்காரர்களும் நேரம் தெரிந்து கடை கட்டினார்கள். சேபோம் அவளைச் சித்தி என்று கூப்பிட ஆரம்பித்தாள். ஓக்புன் வெளியே ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை, சோயாக் குழம்பில் தோஃபுவை மட்டும் கூடப் போட்டாள்.

ஒருநாள் சாப்பிடும்போது கேட்டாள்.

"அப்படி என்னதான்டி பண்றீங்க அந்தக் கட்டடத்துக்குள்ள?"

"வெட்டி வெச்ச ஆப்பிள் கறுக்குதுல்ல சித்தி, அது மாதிரி நம்ம உடம்புக்குள்ளயும் நடந்துக்கிட்டே இருக்கு. இரும்புல துரு பிடிக்கிற கணக்கு. அதைத் தடுக்கிற சரக்கைத்தான் ஆன்டிஆக்சிடன்ட்டுன்னு சொல்றது. எந்த மூலிகையில அது எவ்வளவு இருக்குன்னு பாக்குறேன்."

"அதை எதுக்குப் பாத்துக்கிட்டு? என்கிட்டக் கேட்டா சொல்லிட்டுப் போறேன்."

"நீங்க சொன்னா எங்க பேராசிரியர் ஒத்துக்கமாட்டார்."

"ஒருநாள் சாப்பிடக் கூட்டிட்டு வா. ஒத்துக்க வெக்கிறேன்."

சேபோம் விளக்கினாள். ஊதா நிறத்தில் ஒரு திரவம் இருக்கிறது. அதில் கஷாயத்தைச் சொட்டுவார்கள். துருவைத் தடுக்கும் சக்தி இருந்தால் ஊதா வெளுத்து மஞ்சளாகும். எவ்வளவு வெளுக்கிறதோ அவ்வளவு சக்தி. லவங்கப்பட்டை, அதிமதுரம், பியோனி என்ற பூச்செடியின் வேர் மூன்றையும் தனித்தனியாக ஒரு தடவை சோதிக்க வேண்டும். பிறகு மூன்றையும் ஒன்றாகக் காய்ச்சி இன்னொரு தடவை.

"மூணு பேர் தனித்தனியா தூக்குற மூட்டையை விட, சேந்து தூக்கினா அதிகம் தூக்குறாங்களான்னு பாக்கணும் சித்தி. தூக்கினா எனக்குப் பட்டம். இல்லைன்னா இத்தனை வருஷமும் தண்ணியில போட்டது."

"தூக்காம எங்க போகும்?" என்றாள் ஓக்புன். தன் வாழ்நாள் முழுவதும் செய்துவந்த வேலையைப் பற்றி ஒருத்தி கேள்வி கேட்கிறாளே என்று அவளுக்குச் சிரிப்புதான் வந்தது.

ஆய்வகத்துக் கண்ணாடிக் குடுவையில் காய்ச்சினால் பேராசிரியருக்குத் திருப்தி இல்லை. சனங்கள் குடிக்கிற மாதிரியே, மண்சட்டியில், சந்துக் கை பட்டுக் காய்ச்சியது வேண்டும் என்றார். சேபோமுக்கு வேறு எங்கே போகத் தோன்றும்?

"பட்டைன்னா பட்டை மட்டும் சித்தி."

"சரி."

"மட்டும்."

"எனக்குக் காது நல்லாவே கேக்குது."

"நானும் பக்கத்துல நிக்கட்டுமா?"

"நீ பக்கத்துல நின்னு மூச்சு விட்டுக்கிட்டு இருந்தா எனக்குக் கை ஓடாது. கண்ணைப் பாரு, குழி விழுந்து கெடக்கு. போய்த் தூங்கு."

சேபோம் தூங்கப் போனாள். ஓக்புன் ஆற அமரக் காய்ச்சினாள், அந்தப் பெண்ணுக்காக என்பதால் இன்னும் கொஞ்சம் அக்கறையோடு. பட்டை ஒரு சட்டி, அதிமதுரம் ஒரு சட்டி, வேர் ஒரு சட்டி, மூன்றும் சேர்ந்து ஒரு சட்டி. பைகளில் அடைத்து, மேலே பெயர் எழுதிக் கொடுத்தாள்.

ஆய்வகத்துக்குப் போன பைகள் குண்டைத் தூக்கிப் போட்டன. பட்டை நன்றாக வெளுத்தது. அதிமதுரமும் வெளுத்தது. வேரும் வெளுத்தது. மூன்றும் சேர்ந்தது அவற்றை விட ஒரு துளி கூடுதலாக வெளுத்தது, அவ்வளவுதான். சேபோம் இன்னொரு முறை காய்ச்சித் தரச் சொன்னாள். ஓக்புன் இன்னும் அதிக அக்கறையோடு காய்ச்சினாள். அதே கதைதான். சேர்ப்பதால் சொல்லும்படியான பயன் ஏதும் இல்லை என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். மாசக் கடைசிக்குள் உருப்படியாக ஏதாவது காட்டு, இல்லையென்றால் வேறு தலைப்பு எடு என்றும் சொன்னார். வேறு தலைப்பு என்றால் மறுபடியும் முதலிலிருந்து.

ஓக்புன் கொதித்துப் போனாள். மெஷின் பழுது என்றாள். ஊதாத் தண்ணி ஊசிப்போனது என்றாள். பேராசிரியருக்குக் கண்ணில் புரை என்று, அவரைப் பார்க்காமலேயே சந்து முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். இதில் குளிர்காய ஒரு ஆள் இருந்தார். எதிர்க்கடை மன்சோப். தல்சூவின் கூட்டாளி, மனைவியை இழந்தவர், அதிமதுரம் மட்டுமே விற்கிறவர்.

"நான்தான் அப்பவே சொன்னேனே தங்கச்சி. அதிமதுரம் ஒண்ணு இருந்தாப் போதும்னு. நீதான் ஊர்ல இருக்கிற வேரையெல்லாம் கொண்டாந்து என் சரக்கு மேல கொட்டுற."

"உங்க சரக்கு இல்லைன்னாலும் என் கடை நடக்கும் அண்ணே. என் கடை இல்லைன்னா உங்க சரக்கை எலிதான் வாங்கும்."

மறுநாள் காலை மன்சோப் கடைக் கதவில் ஒரு அட்டை தொங்கியது. 'அதிமதுரம் ஒன்றே போதும். பல்கலைக்கழகமே சொல்லிவிட்டது.' எழுத்து ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். ஓக்புன் கடையைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது அதுதான்.

சேபோம் மாடியில் பெட்டியைக் கட்டினாள். உல்சானில் அண்ணன் பொரித்த கோழிக் கடை வைத்திருந்தான், அங்கே வரச் சொன்னான். ஓக்புன் படியேறிப் போய்ப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"கோழிக் கடையில போய் எண்ணெயில வேகப் போறியா? இங்கயே இரு. என்கூட வேலை பாரு. எனக்கு அப்புறம் கடை உனக்குத்தான். யாருக்குக் கொடுக்கப் போறேன், மன்சோப்புக்கா?"

சேபோம் பெட்டியின் வாரைப் பிடித்து ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். பிறகு, "எந்திரிங்க சித்தி, பெட்டி நசுங்குது" என்றாள். அதுதான் சம்மதம்.

அந்த நாட்களில் ஓக்புனைப் பார்த்திருக்க வேண்டும். சட்டிக்கு முன்னால் நின்று பாடினாள், ராகம் ஒரு பாட்டு, வரிகள் வேறு பாட்டு. வந்தவர்களிடமெல்லாம், "எங்க பொண்ணு அடைச்ச பை, ஒரு சொட்டு ஒழுகாது" என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தாள். எங்க பொண்ணு என்ற சொல் அவள் வாயில் அப்படிப் புரண்டது. பட்டம் போனதற்காக அவள் வருந்தினாள், அது உண்மை. போனதால்தான் இவள் இருக்கிறாள், அதுவும் உண்மை. அதைப் பற்றி ரொம்பவும் யோசிக்காமல் பார்த்துக்கொண்டாள்.

இப்படி இருக்கும்போது மன்சோப்புக்கு இருமல் வந்தது. தன் கடையிலிருந்தே ஒரு பிடி அதிமதுரத்தைக் கொண்டுவந்து போட்டார்.

"இதை மட்டும் காய்ச்சிக் கொடு. உன் கலப்படம் எதுவும் வேணாம்."

"நீங்க கெட்ட கேட்டுக்கு வேற நல்ல மருந்து போட்டு நான் வீணாக்குவேனா?" என்று காய்ச்சிக் கொடுத்தாள்.

சாயங்காலமே பையும் கையுமாகத் திரும்பி வந்தார். நெஞ்சைத் தடவிக்கொண்டு கடை வாசலில் நின்று, நாலு பேருக்குக் கேட்கும்படி ஆரம்பித்தார்.

"என்னத்தடி போட்ட இதுல? நெஞ்சு பத்திக்கிட்டு எரியுது."

"நீங்க கொடுத்த கட்டையைத்தான் போட்டேன். எரிஞ்சா உங்க சரக்கைக் கேளுங்க."

"முப்பது வருஷமா அதிமதுரம் திங்கிறேன். ஒருநாள் எரிஞ்சதில்ல."

"அப்ப வயசு எரியுது."

சந்தில் ஆள் கூடிவிட்டது. ஆள் கூடினால் ஓக்புனுக்குத் தெம்பு. என்னையா கலப்படக்காரி என்கிறார், பார்த்துவிடலாம் என்று உள்ளே போய், பிழிந்து வைத்திருந்த துணிப்பையை எடுத்துவந்தாள். முடிச்சை அவிழ்த்து, எல்லோரும் பார்க்க, அகன்ற மூங்கில் முறத்தில் தலைகீழாகக் கொட்டினாள்.

"எண்ணிக்கோங்க. அதிமதுரம். அதிமதுரம். இதோ இன்னொரு அதிமதுரம்."

"இது?" என்று மன்சோப் விரலை நீட்டினார்.

"அது இஞ்சி."

"இது?"

"இலந்தை."

"நான் கேட்டேனா?"

"அது எல்லாத்துலயும் போடுறதுதானே அண்ணே, அதைப் போய் யாராவது..." என்று ஆரம்பித்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

கூடியிருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடை மான்கொம்புக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். ஓக்புன் தோற்றுவிட்டாள், அதனால்தான் வாயடைத்துப் போனாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். மன்சோப் வெற்றி வீரராக நெஞ்சைத் தடவிக்கொண்டே போனார். ஓக்புன் முறத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பட்டை மட்டும், வேர் மட்டும், அதிமதுரம் மட்டும். ஒன்றுகூட அந்த ஆய்வகத்துக்குத் தனியாகப் போகவில்லை. ஒவ்வொன்றும் இரண்டு துணையாளோடு போய் மூட்டையைத் தூக்கிக் காட்டிவிட்டு வந்திருக்கிறது. பழுது மெஷினில் இல்லை, பேராசிரியர் கண்ணிலும் இல்லை. எல்லாம் இந்தக் கையின் வேலை.

உள்ளே சேபோம் பை அடைக்கும் இயந்திரத்தின் முன் நின்றிருந்தாள். அவள் தலையை நிமிர்த்தவே இல்லை.

மாசம் முடிய இன்னும் நாட்கள் இருந்தன. சொன்னால் சேபோம் மறுபடி சோதிப்பாள். மறுபடி சோதித்தால் பட்டம் வரும், ஓக்புனுக்கு அதில் சந்தேகமே இல்லை. பட்டம் வந்தால் வேலை வரும். அந்த வேலை தேகுவில் ஒரு கஷாயக் கடையின் பின்கட்டில் இருக்காது. சொல்லாவிட்டால் இவள் இங்கேயே இருப்பாள், சாயங்காலம் கூப்பிட்டால் இறங்கி வருவாள். யாருக்கு என்ன நஷ்டம்? பெண்ணுக்குக் கன்னத்தில் சதை பிடித்திருக்கிறது. கண்ணில் குழி இல்லை. பட்டம் வாங்கினவர்களெல்லாம் என்ன பறக்கிறார்களா? இப்படியெல்லாம் இலந்தைத் தொட்டியோடு வாதாடினாள். தொட்டி பதில் சொல்லவில்லை என்பதையே சம்மதமாக எடுத்துக்கொள்ளப் பார்த்தாள்.

குற்றமுள்ள மனசு சமையலில் தெரியும். முதல் நாள் மாட்டு விலாச் சூப். அடுத்த நாள் முழு நண்டு ஊறுகாய். அதற்கும் அடுத்த நாள் கடற்பாசிச் சூப்.

"என்ன சித்தி, யாருக்குப் பொறந்தநாள்?"

"பொறந்தநாளுக்குத்தான் குடிக்கணுமா? குடி."

"பரீட்சைக்குப் போறவங்க இதைக் குடிச்சா வழுக்கிக் கீழ விழுவாங்கன்னு போன வருஷம் என்னை இந்தச் சட்டிப் பக்கமே விடலையே நீங்க."

"இப்ப உனக்கு என்ன பரீட்சை இருக்கு விழுறதுக்கு?"

சொன்ன பிறகுதான் ஓக்புனுக்கே சுருக்கென்றது. சேபோம் தலையைக் குனிந்து கிண்ணத்தை வழித்துக் குடித்தாள். அந்தக் குனிந்த தலையைப் பார்க்கப் பார்க்க ஓக்புனுக்குத் தன் மேலேயே கெட்ட கோபம் வந்தது. பிள்ளையைப் பிடித்து வைப்பதற்கு அதை வழுக்கி விழச் சொல்லும் தாய் உண்டா?

ஆனாலும் தன் வாயால் ஒத்துக்கொள்வதற்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. எதிர்க்கடை அட்டையைச் சாக்காக்கிக்கொண்டாள். அதிமதுரம் ஒன்றே போதுமாம். அந்த அட்டை அங்கே தொங்கும் வரை இந்தச் சந்துக்கே மானக்கேடு. அதற்காகத்தான் சொல்லப் போகிறோம், வேறு எதற்காகவும் இல்லை என்று மனசைத் தேற்றிக்கொண்டு, மறுநாள் காலை இருவரும் பூண்டு உரிக்க உட்கார்ந்தபோது ஆரம்பித்தாள்.

"சேபோம்."

"ம்."

"அந்தப் பட்டைக் கஷாயம் கொடுத்தேன்ல. அதுல இஞ்சி இருந்துச்சு."

"தெரியும் சித்தி."

ஓக்புன் கையிலிருந்த பூண்டு உருண்டு போனது. "அதிமதுரத்துலயும்."

"தெரியும். வேர்லயும். இலந்தையும் இருந்துச்சு."

"முறத்துல கொட்டினப்பத் தெரிஞ்சுதா?"

"இங்க வேலைக்குச் சேந்த ரெண்டாம் நாளே தெரியும். நீங்க பாடிக்கிட்டே அள்ளிப் போட்டீங்க. நான் பக்கத்துலதானே நின்னேன்."

"அடிப்பாவி. நான் நெஞ்சுல கல்லைத் தூக்கி வெச்சுக்கிட்டு நண்டு வாங்கி ஊற வெச்சேன். நீ எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே ஓடு வரைக்கும் உறிஞ்சிக்கிட்டு இருந்திருக்க."

"நண்டு நல்லா இருந்துச்சு சித்தி."

"பேச்சை மாத்தாதே. ஏன்டி சொல்லலை?"

சேபோம் ஒரு பூண்டை எடுத்தாள், உரிக்கவில்லை, விரலில் உருட்டிக்கொண்டே இருந்தாள்.

"சொன்னா மறுபடி காய்ச்சணும். காய்ச்சினா ஒருவேளை வந்தாலும் வந்துடும். வந்துட்டா போகணும். ஏழு வருஷமா ஊதாத் தண்ணியை மஞ்சளாக்கிக்கிட்டு இருந்தேன் சித்தி. நான் சாப்பிட்டேனா செத்தேனான்னு அங்க ஒரு ஆள் கேட்டதில்ல. இங்க சாயங்காலம் ஆனா கீழருந்து ஒரு குரல் வருது. அதை விட்டுட்டு எங்க போறது?"

இதைக் கேட்கத்தானே ஓக்புன் இத்தனை நாளும் ஏங்கிக் கிடந்தாள். இப்போது ஒரு வேலையும் இல்லை, பூண்டை உரித்துக்கொண்டே இருந்தால் போதும். இரண்டு பேரும் வாயைத் திறக்காவிட்டால் மாசம் தானாக முடிந்துவிடும். அப்படியே ஒரு நாலு பல் உரித்தாள். ஐந்தாவதில் கை நின்றது.

"வந்தாலும் வந்துடும்னு சொன்னியே. வருமா?"

"தெரியாது."

"தெரிஞ்சுக்க வேணாமா உனக்கு?"

நிமிர்ந்து பார்த்தால் சேபோம் மூக்கு சிவந்திருந்தது. பூண்டுக்கு யாருக்கும் மூக்கு சிவப்பதில்லை.

"வேணும்" என்றாள் மெதுவாக.

"அப்புறம் என்ன? அதைத் தெரிஞ்சுக்காம என்கூட உக்காந்து சாப்பிட்டா சோறு எறங்குமா உனக்கு? நாலு வருஷத்துல என் மூஞ்சியைப் பாத்தாலே எரியும். கண்ணைத் தொடச்சிட்டு எந்திரி. பூண்டுக் கையால தொடைக்காதே, குருடாப் போயிடுவ."

அன்றைக்கே அடுப்பு மூட்டினார்கள். முதல் வேலையாக இஞ்சிக் கூடையையும் இலந்தைத் தொட்டியையும் மன்சோப் கடையில் கொண்டுபோய் வைத்தாள் ஓக்புன்.

"எதுக்கு இதெல்லாம் இங்க?" என்றார் அவர்.

"நான் வந்து கேட்டாலும் கொடுக்காதீங்க. அழுதாலும் கொடுக்காதீங்க."

"தல்சூ போன துக்கத்துக்கு அப்புறம் நீ அழுது நான் பாத்ததே இல்லையே. கேட்டுத்தான் பாரேன்."

இந்த முறை சேபோம் பக்கத்திலேயே நின்றாள். பட்டையைப் பையில் கட்டிச் சட்டியில் இறக்கி, தண்ணீர் ஊற்றி, மூடியை எடுத்ததும் ஓக்புனின் வலது கை தானாக அலமாரிக்குப் போனது. வெறும் பலகையைத் தடவிவிட்டுத் திரும்பியது. அதிமதுரச் சட்டிக்கும் போனது. வேர்ச் சட்டிக்கும் போனது. கடைசியில் கையை இடுப்புத் துணிக்குள் செருகிக்கொண்டு நின்றாள்.

"பாக்கவே பாவமா இருக்கு சேபோம். அம்மா இல்லாத பிள்ளையாட்டம் கெடக்கு உள்ள."

"அது பட்டை சித்தி."

"பட்டைன்னா மனசு இல்லையா?" என்றவள், துணைக்கு ஆள் இல்லாத அந்தச் சட்டியிடம் வெந்து முடியும் வரை பேசிக்கொண்டே இருந்தாள். இரண்டு தொடர்களின் கதையையும் முழுசாகச் சொன்னாள். பேச்சுத் துணை சோதனையைக் கெடுக்காது என்று சேபோம் சொன்ன பிறகுதான்.

பைகள் போயின. சேபோம் போனவள், சில நாட்கள் ஆய்வகத்திலேயே கிடந்தாள். ஓக்புன் வழக்கம்போல் சாயங்காலம் படிக்கட்டின் கீழே நின்று வாயைத் திறப்பாள், மூடிக்கொள்வாள். எதிர்ச்சாரிக்காரர்கள் கடை கட்டும் நேரம் தெரியாமல் தடுமாறினார்கள்.

ஒரு மத்தியானம் சந்து முனையிலிருந்தே செருப்புச் சத்தம் கேட்டது. ஆய்வகத்துச் செருப்பைக்கூட மாற்றாமல் சேபோம் ஓடி வந்தாள்.

"வந்துடுச்சு சித்தி. பட்டை தனியா கொஞ்சம் வெளுக்குது. வேர் அதை விடக் கம்மி. அதிமதுரம் தனியா ஒண்ணுமே பண்ணலை, ஊதா ஊதாவாவே நிக்குது. மூணும் சேந்தா, மூணையும் கூட்டினா வர்றதை விட நெறைய. மூணு தரம் பாத்துட்டேன். பேராசிரியர் எந்திரிச்சு நின்னுட்டார்."

"ஒண்ணுமே பண்ணலையா? அதிமதுரமா?"

அவ்வளவுதான். ஓக்புன் சந்தைக் குறுக்கே கடந்த வேகத்தில் ஒரு தள்ளுவண்டி ஒதுங்கி நின்றது. மன்சோப் கடை அட்டையைப் பிய்த்துக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"கேட்டீங்களா அண்ணே? ஒண்ணுமே பண்ணலையாம். ஊதா ஊதாவாவே நிக்குதாம். எங்க பொண்ணு மூணு தரம் பாத்துட்டா. என்ன சொன்னீங்க, கலப்படமா? சேந்தாத்தான் சக்தின்னு இப்ப எழுதித் தொங்க விடுங்க. இன்னும் பெரிய அட்டையா வாங்குங்க, நான் காசு தர்றேன். எங்க பொண்ணு இனிமே டாக்டர். பெரிய ஆய்வகத்துலேர்ந்தெல்லாம் நான் நீன்னு வருவாங்க, வந்து அவளைக் கூட்டிக்கிட்டு..."

பாதி வாக்கியத்தில் நின்றாள். மன்சோப் பதிலுக்கு ஒரு நையாண்டி தயாராக வைத்திருந்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அதை விழுங்கிக்கொண்டார். இஞ்சிக் கூடையை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

சேபோம் கடை வாசலில் நின்றிருந்தாள். ஓக்புன் திரும்பி வந்து அவள் எதிரில் நின்றாள்.

"போகாதேன்னு சொல்லத்தான் வாய் வருது. ரொம்ப வருது. சொல்லமாட்டேன். நீயும் இருக்கேன்னு சொல்லித் தொலைக்காதே, நான் சரின்னுடுவேன்."

"சொல்லலை சித்தி."

"சரி. உள்ள வா. அங்க என்னத்தைத் தின்ன? எலும்பா நிக்கிற."

பட்டத்துக்கான நேர்முகத் தேர்வன்று காலை, வெற்றி ஒட்டிக்கொள்ள வேண்டுமென்று பார்லிப் பாகு மிட்டாயைச் சேபோம் வாயில் திணித்து அனுப்பினாள் ஓக்புன். அது பல்லில் ஒட்டிக்கொண்டு முதல் கேள்விக்கு அவளால் வாயைத் திறக்க முடியவில்லையாம். இரண்டாம் கேள்வியிலிருந்து குறையில்லை. முதலில் வந்த முடிவுகள் ஏன் அப்படி இருந்தன என்று ஒருவர் கேட்டாராம். காய்ச்சியவருக்கு எதையும் தனியாக விட்டுவைக்க மனசு வராது, அதனால் என்று சேபோம் சொன்னாளாம். அறையில் எல்லோரும் சிரித்தார்களாம். அவள் சிரிக்கவில்லையாம்.

வடக்கே, ரயிலில் போக வேண்டிய ஊரில், மூலிகை ஆய்வகம் ஒன்றில் வேலை கிடைத்தது. இலை உதிர்கிற சமயத்தில் கிளம்பினாள். ஓக்புன் ரயில் நிலையம் வரை போய், மூன்று மூட்டைச் சாப்பாட்டை ஏற்றிவிட்டு, நடந்தே திரும்பி வந்தாள். சந்துக்குள் நுழைந்தபோது மன்சோப் வாசலில் அதிமதுரம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"போயிட்டாளா?"

"போயிட்டா."

"அழுதியாக்கும்."

"அழுதேன். எதுக்குப் பொய் சொல்லணும்? பிளாட்பாரமே நின்னு பாத்துச்சு."

மன்சோப் கத்தியைக் கீழே வைத்தார். கேலி செய்ய இதை விட நல்ல வாய்ப்பு அவருக்கு இனி வராது. ஆனால் கேட்டது வேறு.

"அவ?"

ஓக்புன் கடைக் கதவைத் தள்ளித் திறந்தாள். மூக்கை ஒருமுறை உறிஞ்சிக்கொண்டு, சந்து முழுக்கக் கேட்கும்படியாகவே சொன்னாள்.

"அவளா? என்னை விடக் கூட அழுதா."